மடிநோயும் மஞ்சள், கற்றாழை, சுண்ணாம்புப் பூச்சும்

கறவை மாட்டை நம்பிக் காலந்தள்ளும் குடும்பங்களுக்கு மடிநோயைப் போல் ஓசைப்படாமல் நஷ்டம் விளைவிக்கும் வியாதி வேறொன்றில்லை எனலாம். கோமாரி கண்டால் ஊரே அறியும். அடைப்பான் கண்டால் மாடு விழுந்துவிடும். மடிநோயோ ஒரு காம்பில் தொடங்கிப் பாலைச் சற்றுக் குறைத்து, இரண்டொரு நாள் திரிதிரியாக இறங்கச் செய்து, பிறகு தானே தணிந்துவிட்டது போல் தோன்றும். அடுத்த ஈற்றில் அந்தக் காம்பு வறண்டு நிற்கும்போதுதான், வந்த நோய் போகவில்லை, உள்ளே தங்கித் தன் வேலையை முடித்துக்கொண்டது என்பது குடியானவருக்குப் புலனாகும். சந்தையில் மாடு வாங்க வருவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் குனிந்து மடியைத் தடவிப் பார்ப்பதற்குக் காரணமும் இதுவே.

மடி வீங்கினால் மஞ்சளையும் கற்றாழையையும் அரைத்துப் பூசுவது நம் கிராமங்களில் வழங்கி வரும் சிகிச்சை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் ஆராய்ச்சி மையத்தார் இத்தகைய கைமுறைகளை ஆராய்ந்து, அளவும் வேளையும் நிர்ணயித்து, ஒழுங்கான முறையாக வகுத்தனர். தேசியப் பால்வள வாரியத்தாரும் அம்முறையை ஏற்றுப் பால் உற்பத்தியாளர்களிடையே பரப்பி வருகின்றனர். ஆகவே இதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளுவதும் தவறு. இது ஒன்றே போதும் என்று வைத்தியரை அழையாதிருப்பதும் தவறு. இந்த மூலிகைகளிலுள்ள சத்துக்கள் எவை, அவை எதைச் செய்யும், எதைச் செய்யமாட்டா என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் இரண்டு தவறுகளும் நேரா.

மடிக்குள் நடப்பது

பசுவின் மடி வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும் உண்மையில் நான்கு தனித்தனிப் பகுதிகளாலானது. ஒரு பகுதியில் ஊறும் பால் மற்றொரு பகுதிக்குச் செல்லாது. ஒவ்வொரு பகுதியிலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களே ரத்தத்திலிருந்து பாலைச் சுரக்கின்றன. காம்பின் நுனித் துவாரந்தான் பால் வெளியேறும் வழி. கிருமிகள் பெரும்பாலும் உள்ளே நுழைவதும் அவ்வழியே. பிரான்ஸ் தேசத்து நோகார், மொல்லெரோ என்னும் இருவர் 1887-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கறவைப் பசுக்களிடையே பரவும் மடிநோய்க்கு நுண்கிருமியே காரணமென்று எடுத்துக் காட்டினர். இன்று மடிநோய்க்குக் காரணமான கிருமிகள் பல இனமென்று தெரிந்திருக்கிறது. சில, ஸ்டிரெப்டோகாக்கஸ் அகலாக்டியே போல, மடியையே தமக்கு வீடாகக் கொண்டு, கறப்பவர் கையாலும் துணியாலும் ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் அவ்வாறே பரவுவதோடு, மடியின் சதைக்குள் புகுந்து மறைந்துகொள்ளவும் வல்லது. ஈ.கோலி முதலியவை சாணத்திலும் ஈரத் தரையிலும் இருந்துகொண்டு, மாடு படுக்கும்போது காம்பைப் பற்றும்.

கிருமி உள்ளே நுழைந்ததும் மாட்டின் உடல் சும்மா இருப்பதில்லை. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அவ்விடத்துக்குத் திரண்டு வருகின்றன. அவை வருவதற்கு வழியாக ரத்தக் குழாய்கள் விரிந்து நீரைக் கசிய விடுகின்றன. மடி சிவந்து, சுட்டு, வீங்கி, தொட்டால் மாடு உதைப்பது இதனாலேயே. இதற்கு அழற்சி என்று பெயர். பாலில் காணும் திரிகள், மடிந்த வெள்ளை அணுக்களும் உறைந்துபோன பாற்சத்துமே. ஆக, அழற்சி என்பது நோயன்று, நோயை எதிர்த்து உடல் நடத்தும் போர். ஆனால் போர் நீடித்தால் வயலும் பாழாவதுபோல, அழற்சி அடங்காமல் நின்றால் பால் சுரக்கும் நுண்ணறைகள் அழிந்து, அவ்விடத்தில் நார்த்தசை வளர்ந்துவிடும். மடி கல்லாக இறுகிவிட்டது என்று சொல்வது அந்நிலையைத்தான். அதன் பிறகு எந்த மருந்தாலும் அப்பகுதியில் பழையபடி பாலை வரவழைக்க முடியாது.

எனவே சிகிச்சைக்கு இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று கிருமியை ஒழிப்பது; மற்றொன்று அழற்சி எல்லை மீறாமல் தணிப்பது. மஞ்சளும் கற்றாழையும் பெரும்பாலும் இரண்டாவது காரியத்துக்கே உதவுவன. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால்தான் அநேக மடிகள் கெடுகின்றன.

மூன்று பொருள்கள்

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான சத்துக்குக் குர்க்குமின் என்று பெயர். 1815-ல் வோகல், பெல்லத்தியே என்னும் இரசாயன சாஸ்திரிகள் இதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தனர். இதன் அமைப்பு 1910-ல் போலந்து நாட்டவரான மிலோபெஜ்கா, கோஸ்தனெக்கி, லாம்பே ஆகியோரால் நிச்சயிக்கப்பட்டது. உலர்ந்த மஞ்சளில் சாதாரணமாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையில் இச்சத்தும் இதன் உறவுச் சத்துக்களும் இருக்கும். உடலின் அணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை உண்டாக்குவதைக் குர்க்குமின் தடை செய்கிறது என்பது சோதனைச் சாலைகளில் பலமுறை கண்டறியப்பட்ட விஷயம். கிருமிகளின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும் சக்தியும் இதற்கு உண்டு.

இச்சத்தில் ஒரு குறை உண்டு. இது தண்ணீரில் கரைவதில்லை. மஞ்சள் தூளை நீரில் கலக்கி வைத்தால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடுவதை அடுக்களையிலேயே காணலாம். எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். காரப் பொருளிலும் கரையும். சுண்ணாம்பு சேர்வதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. மணமக்களுக்கு ஆலம் சுற்றும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டவுடன் அது குருதி நிறமாகச் சிவப்பதைக் காணாதவர் இல்லை. அந்தச் சிவப்பு, குர்க்குமின் காரத்தோடு கூடி நீரில் கரையும் உருவம் அடைந்ததற்கு அடையாளம். மடிக்கு அரைக்கும் விழுதும் இவ்வாறே செந்நிறம் பெற வேண்டும். நிறம் மாறாமல் வெறும் மஞ்சளாகவே இருக்குமானால் சுண்ணாம்பு காற்றில் கிடந்து சக்தி இழந்துவிட்டதென்று அறிந்து, புதிய சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் காரத்தில் கரைந்த குர்க்குமின் நீடித்து நிற்பதில்லை, விரைவில் சிதைந்துபோகிறது. ஆகையால் முதல் நாள் அரைத்த விழுதை மறுநாளும் மூன்றாம் நாளும் பூசுவது பெயரளவுக்குச் சிகிச்சையாகுமே தவிர வேறில்லை. அன்றன்றைக்கு அரைக்க வேண்டும் என்றும், நாளில் பலமுறை பூச வேண்டும் என்றும் முறை வகுத்திருப்பது இச்சிதைவுக்கும் ஏற்றதாகவே இருக்கிறது.

சுண்ணாம்பு தன்னளவிலும் கிருமி நாசினி. எனினும் அது தோலை அரிக்கும் பொருளாதலால் அளவு மீறலாகாது. ஒரு பங்குக்குப் பதில் இரண்டு பங்கு சேர்த்தால் இரண்டு மடங்கு குணம் உண்டாகும் என்று எண்ணுவோர் காம்பின் தோலை வெடிக்கச் செய்து, புதிய கிருமிகளுக்கு வாயில் திறந்துவிடுவர்.

சோற்றுக் கற்றாழையின் மடலில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் நிறக் கசப்புப் பால் ஒன்று. அதைக் காய்ச்சி உலர்த்தியதே நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். உள்ளிருக்கும் வழுவழுப்பான சோறு மற்றொன்று. சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீரே. எஞ்சிய சிறு பாகத்தில் அசிமன்னன் முதலான பசைச் சர்க்கரைப் பொருள்கள் அடங்கியிருக்கின்றன. இவை தோலைக் குளிரச் செய்து, புண் ஆறுவதற்குத் துணை புரிகின்றன. மஞ்சள் சத்து வழிந்தோடாமல் மடியில் ஒட்டி நிற்பதற்கும் இப்பசை உதவுகிறது.

தயாரிக்கும் முறையும் பூசும் முறையும்

முள் நீக்கிய கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு 15 கிராம் ஆகிய மூன்றையும் ஆட்டுக்கல்லிலோ மின் அரைவையிலோ இட்டு மைய அரைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சளை விரலி மஞ்சளாக வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்வது உத்தமம். கடைத் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்னும் நஞ்சைக் கலக்கும் மோசடி சிற்சில இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய தூளை மனிதர் உண்ணவும் ஆகாது. மாட்டின் மடியில் பூசவும் ஆகாது.

பூசுவதற்கு முன் நோய்ப்பட்ட காம்பிலுள்ள பால் முழுவதையும் கறந்துவிட வேண்டும். இதுவே சிகிச்சையின் பாதி என்று கொள்ளலாம். கிருமியும், அது கக்கிய நஞ்சும், மடிந்த அணுக்களும் அப்பாலோடு வெளியேறிவிடும். கறந்த பாலைத் தொழுவத் தரையில் பீச்சுவது பலரிடம் உள்ள கெட்ட வழக்கம். அடுத்த மாடு அதே இடத்தில்தான் படுக்கும். தனிப் பாத்திரத்தில் கறந்து, சுண்ணாம்பு கலந்து, தொழுவத்துக்குத் தொலைவில் குழியில் ஊற்றிவிட வேண்டும்.

பின்பு மடியைச் சுத்த ஜலத்தால் கழுவித் துடைத்து, அரைத்த விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து, 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுத் தளர்த்தி, வீங்கிய பகுதியில் மட்டுமன்றி மடி முழுவதிலும் பூச வேண்டும். ஏறக்குறைய மணிக்கொரு தடவையாக நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள் இவ்வாறு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய பூச்சைக் கழுவிவிட்டே புதியதைப் பூச வேண்டும். நாள்தோறும் எலுமிச்சம்பழம் இரண்டைப் பாதியாக அரிந்து தின்னக் கொடுப்பதும் இம்முறையில் சேர்ந்தது. பாலில் ரத்தம் கலந்து வருமானால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து வேளைக்கொன்றாக இரு வேளை உள்ளுக்குக் கொடுப்பர்.

பத்து முறை என்றதும் மலைப்பவர் உண்டு. வயல் வேலைக்குப் போகும் வீட்டில் இது எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தடவிவிட்டு மஞ்சளில் குணமில்லை என்று சொல்வது நியாயமாகாது. மேலும், பத்து முறை மடியைக் கழுவிப் பூசுகிறவர் பத்து முறை அதை உற்றுப் பார்க்கிறார். வீக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அவ்வப்போது அறிகிறார். இந்தச் சிகிச்சையால் விளையும் நன்மையில் கணிசமான பாகம் அந்தக் கவனிப்பைச் சேர்ந்ததே.

கறப்பதற்கு முன் பூச்சைச் சுத்தமாகக் கழுவி உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம். விழுதையோ அதன் சாற்றையோ காம்பின் துவாரத்துக்குள் செலுத்தலாகாது. காம்பு அடைத்துக்கொண்டால் ஈர்க்கையோ வேறு குச்சியையோ நுழைத்துக் குடைவது மகா அபாயம். துவாரத்தின் உட்புற மென்தோல் ஒருமுறை கிழிந்தால் அது கிருமிகளுக்கு என்றைக்கும் திறந்த வழியாகும்.

வேம்பு, ஓமம், கிராம்பு

வேறு மூலிகைகளைப் பற்றியும் கேள்வி எழலாம். வேப்பெண்ணெயிலிருந்து 1942-ல் சலீமுஸ்ஸமான் சித்திகி பிரித்தெடுத்த கசப்புச் சத்துக்களுள் நிம்பிடின் என்பது அழற்சியைத் தணிக்கும் குணமுடையது. ஆனால் வேம்பின் கசப்பும் வாடையும் பாலில் ஏறுமாதலால் மடியின் புறத்தோலைக் கழுவ மட்டும் உபயோகித்து, கறக்குமுன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ஓமத்திலுள்ள தைமாலும், கிராம்பிலுள்ள யூஜினாலும் மடிநோய்க் கிருமிகளைக் கொல்ல வல்லவை என்று கண்ணாடிக் குழாய்ச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கண்ணாடிக் குழாய் வேறு, மடி வேறு. பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் இத்தைலங்களைப் பற்றிக்கொள்வதால் அங்கே இவற்றின் சக்தி பெரிதும் மட்டுப்படும். அதற்காக அளவைக் கூட்டினால் மடியின் மென்தோல் வெந்துபோகும். எனவே வீட்டில் இவற்றைக் காய்ச்சி மடிக்குள் ஏற்றிப் பார்க்கும் பரீட்சை வேண்டா.

வைத்தியரை அழைக்க வேண்டிய நிலை

மாடு தீனி எடுக்கிறது, அசை போடுகிறது, காய்ச்சல் இல்லை, ஒரு பகுதி மட்டும் சற்று வீங்கிப் பாலில் சில திரிகள் தெரிகின்றன என்றால், மேற்சொன்ன பூச்சைத் தாமதியாமல் தொடங்கலாம். ஓரிரு நாளில் வீக்கம் இறங்கவில்லையாயின் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கன்று ஈன்ற சில வாரங்களுக்குள் காணும் கடுமையான மடிநோய் இவ்வாறு காத்திருக்க இடம் கொடாது. பால் மோர்த்தெளிவு போலவோ மஞ்சள் நீர் போலவோ இறங்குதல், மாடு அசைபோடாமல் தலை தொங்கி நிற்றல், காது சில்லிட்டுப் போதல், கண் குழிவிழுதல், எழ முடியாமற் படுத்துவிடுதல் ஆகியவை கிருமியின் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டதற்கு அறிகுறிகள். மடியின் தோல் நீலம் பாரித்துக் குளிர்ந்துபோனால் அப்பகுதி அழுகத் தொடங்கிவிட்டதென்று அறியலாம். இத்தகைய மாட்டுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கும் நேரமே உயிருக்கு உலை வைக்கும் நேரம். அன்றே, அந்த வேளையிலேயே, வைத்தியர் வந்து நரம்பு வழியாக மருந்தும் நீரும் ஏற்ற வேண்டியிருக்கும்.

வைத்தியர் கொடுக்கும் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940-களில் பெனிசிலின் மடிநோய்க்கு வழங்கத் தொடங்கியபோது இவ்வியாதி இனி இல்லை என்றே பலர் எண்ணினர். நாளடைவில் அதற்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்டன. மருந்தை அரைகுறையாக நிறுத்துவதும், வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கி ஏற்றுவதும் அவற்றின் பெருக்கத்துக்குத் துணை. மருந்து ஏற்றிய மாட்டின் பாலுக்கு உறை ஊற்றினால் சில சமயம் தயிர் தோயாமலே நிற்பதைப் பெண்டிர் கண்டிருப்பர். பாலில் தங்கிய மருந்து உறைக்கிருமியையும் கொன்றுவிட்டது என்பதே அதன் பொருள். வைத்தியர் குறித்த நாள் வரையில் அப்பாலை விற்கலாகாது, வீட்டாரும் பருகலாகாது. லேசான மடிநோயைத் தொடக்கத்திலேயே மூலிகைப் பூச்சால் தணிக்க முடிந்தால் இம்மருந்தின் தேவை குறையும். இதுவே அப்பூச்சுக்குள்ள பெருமதிப்பு.

நோய்ப்பட்ட காம்பின் பாலைக் காய்ச்சினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் ஸ்டபிலோகாக்கஸ் கக்கிய நஞ்சு கொதியிலும் அழியாது. அப்பாலைக் கன்றுக்கும் ஊட்டலாகாது.

வீக்கம் வற்றிய பின்

ஐந்து நாளில் மடி பழைய உருவத்துக்கு வந்துவிட்டால் காரியம் முடிந்ததென்று விட்டுவிடுவது வழக்கம். வீக்கம் வற்றியது அழற்சி தணிந்ததற்குச் சாட்சி. கிருமி ஒழிந்ததற்குச் சாட்சியன்று. ஸ்டபிலோகாக்கஸ் நார்த்தசைச் சுவர்களுக்குள் பதுங்கியிருந்து, மாதக்கணக்கில் வெளிக்குத் தெரியாமல் பாலைக் குறைத்துக்கொண்டிருக்கும். பால் பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும், திரி இராது, மடியும் மெத்தென்றிருக்கும். மறைநோய் என்று சொல்லத் தக்க இந்நிலையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையே உண்மையைக் காட்டும். நல்ல மடியின் பாலில் மில்லிக்கு 2 லட்சத்துக்குக் குறைவாகவே அணுக்கள் இருக்கும்; நோயுற்றால் அது பல மடங்காகும்.

இதை அறிய 1957-ல் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவில் ஒரு சுலபமான சோதனை வகுக்கப்பட்டது. சோப்பு வகைத் திரவத்தைப் பாலோடு கலந்தால் அது வெள்ளை அணுக்களை உடைத்துவிடும். உள்ளிருக்கும் கருப்பொருள் வெளிப்பட்டுப் பாலைக் கோழை போலக் கெட்டியாக்கும். வீட்டிலே துணி துவைக்கும் சோப்புத் தூளைக் கொண்டே ஏறக்குறைய இதே சோதனையைச் செய்யலாம். அரை லிட்டர் நீரில் 15 கிராம் தூளைக் கரைத்துக்கொண்டு, நான்கு காம்பின் பாலையும் நான்கு சிறு கிண்ணங்களில் தனித்தனியாகப் பீச்சி, ஒவ்வொன்றிலும் பாலின் அளவுக்குச் சமமான கரைசலை ஊற்றி மெல்லச் சுழற்ற வேண்டும். நீராகவே ஓடினால் நலம். முட்டையின் வெண்கரு போல் வழுவழுத்துத் திரண்டால் அக்காம்பில் நோய் ஒளிந்திருக்கிறது. ஈன்ற முதற் சில நாட்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் நல்ல மடியும் இவ்வாறு காட்டுமாதலால் அக்காலங்களில் இதை நம்பலாகாது. சோதித்த பாலை மறவாமல் கொட்டிவிட வேண்டும்.

பூச்சு முடிந்த இரண்டு வாரத்துக்குப் பின் இச்சோதனையைச் செய்து பார்த்து, இன்னும் திரளுமானால் பால் மாதிரியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று எந்தக் கிருமியென்று தெரிந்துகொள்வது நலம். மறைநோய்க்கு மருந்து ஏற்றப் பால் வற்றும் காலமே மிகவும் ஏற்றதாகையால், அதற்குரிய நாளை வைத்தியரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அதுவரையில் அம்மாட்டை எல்லா மாடுகளுக்கும் கடைசியாகக் கறக்க வேண்டும். கட்டை விரலை மடித்துக் காம்பை நசுக்கிக் கறக்காமல், முழுக் கையால் பிடித்துக் கறக்க வேண்டும். கறந்து முடிந்த பின் காம்புத் துவாரம் மூடிக்கொள்ள அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் மாடு ஈரச் சாணத்தில் படுத்துவிடாதபடி, கறவை முடிந்தவுடன் முன்னால் பசும்புல்லையோ வைக்கோலையோ போட்டு, தின்றுகொண்டு நிற்கச் செய்ய வேண்டும்.